நம்பத்தக்க அச்சம்

சந்திரனின் மூன்றாம் வளையக் குடியிருப்பில் புது இதயம் பொருத்திக்கொண்டவர்கள் மாதம் ஒருமுறை கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு தேர்வெழுத வருவார்கள். தாளின் பெயர் படுக்கையறை அச்ச அளவை. இருபத்துநான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை', 'சில சமயம்', 'எப்போதும்' என்று மூன்று கட்டங்கள். மதிப்பெண் பூஜ்யம், ஒன்று, இரண்டு. இருவரில் எவர் தாளும் பத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இதயத்தின் துடிப்புப் பூட்டு திறக்கப்படாது. நிமிடத்துக்கு நூறுக்கு மேல் அது துடிக்காது.

நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளரான தேனப்பனுக்கு இது மூன்றாவது தேர்வு. இந்த முறையும் அவர் பூஜ்யம். மனைவி விசாலாட்சி நாற்பத்தாறு.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவள் கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்தாள். தன் மார்புத் தழும்பு அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று அவர் முடிவுகட்டியிருந்தார். கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் முப்பது வருடத்தில் இருவருக்குமே வரவில்லை.

செவிலி இயந்திரத்துக்கு எல்லாம் தெரியும். ஒன்பதாம் கேள்வியைப் படிக்கும்போது அவருடைய துடிப்பு தொண்ணூற்றெட்டைத் தொட்டதை அது பதிந்திருந்தது. ஆனால் மனதைப் பற்றி மனிதர் தாமே எழுதுவதுதான் சாட்சி, கருவி சொல்வது சாட்சியல்ல என்பது குடியிருப்பின் சட்டம். அதனால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: இருவரும் சம்மதித்தால் தாள்களை மாற்றிப் படிக்கக் கொடுக்கலாம். கேட்டது. மற்றவர் எப்படியும் மறுத்துவிடுவார் என்று நம்பி இருவரும் சம்மதித்தார்கள்.

ஒன்பதாம் கேள்வி, நெருங்கியிருக்கையில் இந்த இதயம் நின்றுவிடும் என்று அஞ்சுகிறீர்களா என்பது. விசாலாட்சி 'எப்போதும்' என்ற கட்டத்தைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் குறித்திருந்தாள். எல்லாவற்றுக்கும் அப்படித்தான். தழும்பு பற்றிய கேள்விக்கு மட்டும் பூஜ்யம். தேனப்பன் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவருடைய தாளைத் திருப்பிப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் பூஜ்யமா? கேள்வியைப் படிச்சீங்களா இல்லையா?"

"பூங்காவுல நடக்க வர்றவங்ககிட்ட ஒரு விடைத்தாள் சுத்துது. அதைப் பார்த்து எழுதினேன்."

"இந்த வயசுல பிட்டு."

"உண்மையை எழுதியிருந்தா உன்னைத் தாண்டியிருப்பேன், விசாலம்."

அன்று ரயிலில் வீடு வந்து சேரும்வரை பேசினார்கள். அடுத்த முப்பது நாட்களில், நூறு துடிப்புக்குள் என்னென்ன சாத்தியம் என்பதையும் அவசரமின்றிக் கண்டுகொண்டார்கள். பயம் போயிற்று.

நான்காம் தேர்வில் இருவரும் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். இரண்டு தாளிலும் பூஜ்யம். செவிலி தாள்களைத் திருப்பித் தந்தது. விடைத்தாள் விவகாரம் தேர்வு வாரியத்துக்குத் தெரிந்துவிட்டதாம். இந்த மாதம் முதல் பூஜ்யம் எடுப்பவர்கள் பொய்யர்கள். ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் அஞ்சுகிறவர்களே நம்பத்தக்கவர்கள். விரும்பினால் இப்போதே திருத்தி எழுதலாம்.

விசாலாட்சி பேனாவை எடுத்தாள். "நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?"

"தழும்புக்குப் போடட்டுமா?"

"அது வேணாம், என் பேர் கெட்டுப்போகும். மூச்சு வாங்குறதுக்குப் போடுங்க. நான் மொத்தமா ஆறு வர்ற மாதிரி பார்த்துக்கறேன்."

தலையோடு தலை முட்ட, அச்சங்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். எழுதி முடிக்கும்வரை தேனப்பனின் இதயம் எழுபத்திரண்டைத் தாண்டவில்லை. செவிலி அதையும் பதிந்துகொண்டது. பிறகு இரண்டு தாள்களிலும் 'உண்மையான விடைகள்' என்று முத்திரை வைத்து, பூட்டைத் திறந்தது.