ஆபகூக்கின் வலைப்பூ வீடு மாறிய வெள்ளிக்கிழமை

கெய்ரோவிலிருந்து கேப் டவுன் வரைக்கும் தேடிப் பாருங்கள்; ஒரு வலைப்பூவைச் சேவல், கோடரி, நெருப்பு மூன்றையும் வைத்து வீடு மாற்றிய ஒரே மனிதன் நான்தான். நம்பாவிட்டால் போங்கள். முப்பத்தொரு வருஷம் கிசுமு தபால் நிலையத்தில், வீடு மாறிப்போனவர்களின் கடிதங்களைப் புது முகவரிக்குத் திருப்பிவிட்டவன் நான். செத்துப்போன மூன்று பேருக்குக்கூடக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். மூன்றாமவருக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு வைத்தார்.

என் சிநேகிதன் ஆபகூக் ஞாங்வேசோவுக்குக் கிசுமு ஏரியின் துங்கா கரைக்குப் பக்கத்தில் வீடு. அவனுடைய மூத்த மகன் ஒபுயா பத்தொன்பது வயதில் மீன் பிடிக்கப் போனவன், ஏரியோடு போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி உடலுக்குப் பதிலாக நீளமான யாகோ காய் ஒன்றைத் துணியில் சுற்றி வேலியோரம் புதைத்தோம். ஆபகூக்குக்கு அது போதவில்லை. பழைய கணினி ஒன்றை வாங்கி, வலைப்பூ ஆரம்பித்து, மகனைப் பற்றி முதல் பதிவை எழுதினான். பெயர், படகு, அன்று அடித்த காற்று, அவன் போட்டிருந்த பச்சைச் சட்டை. அதன்பிறகு ஏரி கொண்டுபோன ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு. பதினான்கு வருஷத்தில் முந்நூற்றுப் பதினொன்று. எத்தனையோ வீட்டுக்காரர்களுக்கு அந்தப் பக்கம்தான் கல்லறை.

போன மார்ச்சில் ஆபகூக்கும் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வலைப்பூவுக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த கம்பெனி கடையை மூடுகிறதாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம். வேண்டுமென்பவர்கள் அதற்குள் அள்ளிக்கொண்டு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

ஆபகூக்கின் மனைவி தோர்க்கா தினமும் கஞ்சி வைப்பதற்கு முன் கைபேசியில் அந்த முதல் பதிவைத் திறந்து பார்க்கிறவள்.

"அந்தப் பக்கம் போச்சுன்னா, எம் புள்ள ரெண்டாந்தடவ தண்ணிக்குள்ள போயிருவான், அண்ணே" என்றாள் என்னிடம்.

அதற்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நானும் லாவெண்டரும் அந்த வீட்டுக்குப் போனோம். லாவெண்டர் தோர்க்காவின் அண்ணன் மகள். கணினி வேலை பார்ப்பவள். தன் கண்ணால் பார்த்ததைக்கூட இரண்டு முறை சரிபார்க்கிற ரகம்.

மார்ச்சிலிருந்து பூட்டிக் கிடந்த ஆபகூக்கின் அறையைத் தோர்க்கா திறந்தாள். தூசி வாடை வரும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன். தூசி வாடை வரவில்லை. ஏரி வாடை வந்தது. ஆகாயத்தாமரை அழுகி, அதனடியில் சேறு கிளறிய வாடை. ஏரி அங்கிருந்து அரை மைல். நாற்காலியின் இருக்கை மட்டும் சில்லென்று இருந்தது. வெளியே நல்ல வெயில்.

"ஒரு மணி நேர வேலை அத்தை" என்றாள் லாவெண்டர், மடிக்கணினியை விரித்துக்கொண்டே. "பழைய எடத்துல இருந்து மொத்தத்தையும் ஒரே கோப்பா இறக்கணும். புது எடத்துல ஏத்தணும். அவ்வளவுதான். மாமா, நீங்க எதையும் தொடாம இருந்தா அரை மணி நேரத்துல முடிச்சிருவேன்."

"நான் கைவச்ச எந்தப் பொருளும் இதுவரைக்கும் தொலைஞ்சதில்ல" என்றேன்.

"என் கைபேசி?"

"அது தொலையல. திருப்பிவிட்டேன்."

இறக்கினாள். முந்நூற்றுப் பதினொன்று. புது இடத்தில் ஏற்றினாள்.

முந்நூற்றுப் பத்து.

"எது விட்டுப்போச்சு?" என்று கேட்டாள் தோர்க்கா. அவள் குரலிலேயே பதில் இருந்தது.

லாவெண்டர் மறுபடி ஏற்றினாள். முந்நூற்றுப் பத்து. மூன்றாம் முறை. முந்நூற்றுப் பத்து. ஒவ்வொரு முறையும் முதல் பதிவுதான் வந்து சேரவில்லை. பழைய பக்கத்திலிருந்த எழுத்தைக் கையாலேயே நகலெடுத்துப் புதுப் பக்கத்தில் ஒட்டிச் சேமித்தாள். கண் முன்னால் இருந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தால் வெறுமை. அதுவும் வெள்ளை வெறுமை இல்லை. மழைக்கு முன்னால் ஏரி ஒரு சாம்பல் நிறம் காட்டுமே, அந்த நிறம்.

"கோளாறு. சர்வர்ல ஏதோ கோளாறு" என்றாள். ஆனால் நகத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாலரை மணிக்கு ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறியது. ஐந்துக்கு மின்சாரம் போனது. மடிக்கணினி மட்டும் ஒளிர்ந்தது; இணையம் தோர்க்காவின் கைபேசி வழியாக வந்துகொண்டிருந்தது. தகரக் கூரைமேல் மழை கொட்டியதில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை.

பிறகு மழை சட்டென்று நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சதக்.

சதக்.

ஈரக்கால். முன்கட்டின் சிமென்ட் தரையில் யாரோ அவசரமில்லாமல் நடந்து வருகிறார்கள். அறை வாசல் வரைக்கும் வந்தது சத்தம். நின்றுவிட்டது.

தோர்க்காதான் எழுந்து போய்ப் பார்த்தாள். முன்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. தரையில் ஈரப் பாதங்கள், வரிசையாக. எல்லாம் அறையை நோக்கி. கடைசி இரண்டும் வாசற்படிக்கு வெளியே, பக்கத்துப் பக்கத்தில். அழைக்காத வீட்டுக்குள் நுழையத் தயங்குகிறவன் நிற்கிற மாதிரி.

"மாமா" என்றாள் லாவெண்டர் மெதுவாக. "இங்க வாங்க."

புது இடத்தில் யாரும் எழுதாத ஒரு பதிவு, வெளியிடப்படாமல், வரைவாக உட்கார்ந்திருந்தது. எழுதியவர் பெயர்: ஆபகூக் ஞாங்வேசோ. நேரம்: சற்று முன்.

மூன்றே வரி.

சேவல் எங்கே?

நெருப்பு எங்கே?

மூத்தவன் எங்கே?

லாவெண்டர் என்னை முறைத்தாள். "கடவுச்சொல் உங்களுக்குத் தெரியுமா? உண்மையச் சொல்லுங்க. வெளையாடுற நேரமா இது?"

"எனக்கு என் வங்கி அட்டையோட எண்ணே ஞாபகம் இல்லடி!"

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. பாதிரியாரின் சைக்கிளை மாமரத்தில் ஏற்றியவன் நான்தான். ஆனால் அன்று என் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதி மேளம் அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்து ஊரில் கல்யாணம் என்று நினைத்து நாலு பேர் கிளம்பியிருப்பார்கள்.

தோர்க்கா மட்டும் பயப்படவில்லை. மேல்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாம பண்ணது தப்பு அண்ணே. ஒரு மனுஷன் பதினாலு வருஷம் குடியிருந்த வீடு இது. அத யாருக்கும் சொல்லாம, திருடன் மாதிரி பெட்டியில போட்டுத் தூக்கிட்டுப் போறோம். எங்க வழக்கப்படி வீடு மாத்துனோமா?"

எங்களில் ஒருவன் புது வீடு போடும்போது சேவலோடு போவான், மனைவி பழைய அடுப்பின் நெருப்பைக் கொண்டுபோவாள், மூத்த மகன் கோடரியைத் தோளில் வைத்து எல்லோருக்கும் முன்னால் நடப்பான். மூத்தவன் நடக்காமல் எந்த வீடும் வீடாகாது. நான் அதை முப்பது பேருக்குச் செய்துவைத்திருக்கிறேன். வலைப்பூவும் வீடுதான் என்பது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்களில் எவனுக்குத்தான் தோன்றும்?

ஐந்து நாற்பது. இருபது நிமிஷம் இருந்தது.

தோர்க்கா அடுப்பில் கனன்ற கரியைத் தகர டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தாள். நான் பின்பக்கம் ஓடிச் சேவலைப் பிடித்தேன். சிறுத்தையை வாலைப் பிடித்துச் சுழற்றியவன் நான், சேவலெல்லாம் ஒரு விஷயமா? ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, ராஜா மாதிரி வாசலைப் பார்த்து நின்றேன். லாவெண்டர் மடிக்கணினி பக்கம் இருந்தாள். இந்த இடத்தை நான் எப்போதும் இப்படித்தான் சொல்வேன்.

கோடரியைத் தோர்க்கா அந்த இரண்டு ஈரப் பாதங்களுக்கு நடுவில் சாய்த்து வைத்தாள்.

"ஒபுயா." சாப்பிடக் கூப்பிடுகிற குரல். "வாப்பா. அப்பா வீடு மாறுறாரு. நீ முன்னால நட."

ஒன்றும் நடக்கவில்லை.

கரி நெருப்பு மெல்லச் சிணுங்கியது.

"சாமி, நேரமாவுது. உனக்காகத்தான் எல்லாரும் நிக்கிறோம்."

கோடரியின் இரும்பு தரையில் உரசியது. கர்ர்ர் என்று ஒரு சத்தம், வாசற்படியைத் தாண்டி, உள்ளே. என் காலருகே குளிர் ஒன்று கடந்துபோனது. ஏரி வாடை மூச்சை அடைத்தது. சேவல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆந்தை மாதிரி முனகியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இதுவரை பொய் சொன்னாலும் சொல்லியிருப்பேன், இது சத்தியம்: எனக்குத் திரும்பத் தைரியம் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால் மடிக்கணினியில் ஒரு சொடுக்கு.

ஒரே ஒரு சொடுக்கு.

நாங்கள் திரும்பியபோது கோடரி மேசைமேல் இருந்தது. பிடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திரையில் எண் மாறியிருந்தது.

முந்நூற்றுப் பதினொன்று.

ஒபுயாவின் பக்கம் புது இடத்தில் திறந்தது. பெயர், படகு, காற்று, பச்சைச் சட்டை. தோர்க்கா திரையில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஆறு மணிக்குப் பழைய வலைப்பூ அழிந்தது. புதியது இன்றைக்கும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இந்தக் கதையை ஏரிக்கரை மீன் கடையில் நூறு முறை சொல்லியிருக்கிறேன். நூறு முறையும் சிரித்தார்கள்.

"பெரியவரே, போன வாரம் நீர்யானைக்குத் தபால்தலை வித்ததாச் சொன்னீங்க" என்பாள் கடைக்காரி மில்கா.

"ரெண்டு ஷில்லிங் பாக்கி வச்சிட்டுப் போயிருச்சு" என்பேன்.

லாவெண்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "சர்வர் கோளாறு. மாமாவோட குறும்பு. அத்தையோட ஆசை. அவ்வளவுதான்."

போன சனிக்கிழமை மறுபடி சொன்னேன். சேவலை ஒற்றைக் கையில் பிடித்த இடம் வந்ததும் மில்கா கையைத் தட்டினாள். லாவெண்டர் சிரிக்கவில்லை. தட்டிலிருந்த மீனைத் தள்ளி வைத்தாள்.

"அந்த ஒண்ணு பொய் மாமா."

"எது?"

"சேவல். தூக்குன உடனே உங்க மூக்குல கொத்துச்சு. ஐயோன்னு கத்தி என் மேல எறிஞ்சீங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மைதானே. தழும்பு இன்னும் இருக்கிறது.

"நான் ரெண்டு கையாலயும் அதோட றெக்கையப் புடிச்சுக்கிட்டு, உங்க பக்கத்துல வாசலப் பாத்து நின்னேன். அத்தை ரெண்டு கையிலயும் நெருப்பு. நீங்க மூக்கப் புடிச்சிட்டிருந்தீங்க."

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

இத்தனை நாளும் அவள்தான் எப்படியோ எட்டிப் பொத்தானை அழுத்தினாள் என்று நான் நினைத்திருந்தேன். அவளுடைய கைகளைப் பார்த்தேன்.

"மேசைகிட்ட யாருமே இல்ல மாமா" என்றாள் லாவெண்டர். "நடந்துச்சு. நீங்க சொன்னதெல்லாம் நடந்துச்சு."