மூன்றாவது சரணத்தில் ஒரு குரல்

“உங்க சம்சாரம் தவறிட்டாங்களாமே... மனசு கேக்கல சார்!”

லிமா நகரத்து டாக்ஸிக்காரர் சொன்னதும் லிசாந்த்ரோ திருதிருவென விழித்தான். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அவர் ஒரு கேசட்டைப் போட்டார். அவன் குழுவின் பாட்டுதான். சொந்த ஊரான ப்யூனஸ் ஐரிஸில் அறுபது பேர் வந்தாலே பெரிய கூட்டம். இங்கே, பெரு நாட்டில், அவர்கள் கச்சேரிக்குக் காளைச்சண்டை அரங்கமே நிரம்பப் போகிறது. மூன்றாவது சரணம் வந்தது... அவன் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் குரல்! ஈரமாக, ஏக்கமாக... அவர்கள் எந்தப் பெண்ணையும் பாட வைத்ததில்லை.

“செத்தும் உங்ககூடப் பாடுறாங்களே! சாயங்காலம் எல்லாரும் அவங்களுக்காக மெழுகுவத்தி கொண்டு வர்றோம்.”

மானேஜர் ஒசுனாவிடம் சொன்னதும் அவர் துள்ளிக் குதித்தார். “அந்தப் பேய்க்காகத்தாண்டா மெக்சிகோவுலயும் கச்சேரிக்குக் கூப்பிடுறான்! வாயைத் திறந்த, எல்லாம் போச்சு!”

லிசாந்த்ரோ தனியாக வெளியே நடந்தான். நண்பகலிலேயே மூடுபனி. தூறல் விழுவதே தெரியாமல் நனைத்தது. அப்போது... அதே குரல்! பக்கத்தில், மிகப் பக்கத்தில்!

பிளாஸ்டிக் விரிப்புக்கடியில் நகல் கேசட் விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பாடியபடியே அட்டையில் பெயர் எழுதினாள்.

“நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?”

“ஏன் சார், செத்தவங்ககிட்ட வாங்கினா விலை குறையுமா?” என்று நிமிர்ந்தவள், அவனை அடையாளம் கண்டு பேனாவை நழுவவிட்டாள். அப்பப்பா, என்ன கண்கள்!

அவள் சுலேமா. “ஒரு டேப் ரெக்கார்டர் பாடும்... எதிர்ல இன்னொன்னை வச்சுப் பதிவு பண்ணுவேன். ரெண்டையும் இணைக்க ஒயர் இல்ல. மூணாவது சரணத்துல என்னை மறந்து கூடவே பாடிட்டேன். அதை வச்சுத்தான் ஊரே நகல் எடுத்திருக்கு. யார் குரல்னு தெரியாம, செத்துப்போன உங்க சம்சாரம்னு கதையும் கட்டிட்டாங்க.”

“என் பாட்டைத் திருடினதும் இல்லாம...”

“திருடினதாலதான் இங்க வந்து நிக்கிறீங்க!”

சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துவிட்டான். “மேடைக்கு வாங்களேன்.”

அவள் முகம் வாடியது. “ஊரு அழுறது அந்தச் செத்தவளுக்காக சார். என்னைப் பார்த்தா உங்க பாட்டுதான் செத்துரும்.”

மாலையில் ஆயிரமாயிரம் சுடர்கள் பனிக்குள் மிதந்தன. மூன்றாவது சரணத்தில் அவன் பாட்டை நிறுத்தினான். எங்கிருந்தோ அந்தக் குரல் எழுந்தது... சிலர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தின் நடுவே படிக்கட்டில் நின்ற சுலேமாவை அவன் மட்டும் பார்த்துவிட்டான். அழுதுகொண்டே பாடினாள். இவளைப் பேயாகவே விட்டுவிட்டு மெக்சிகோ போவதா?

“எனக்கு மனைவி இல்ல,” என்றான் ஒலிபெருக்கியில். “செத்தவ யாருமில்ல. பாடுறது சுலேமா... அதோ நிக்கிறாங்க.”

சுடர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருட்டில் கைதட்டல் இல்லை, ஒரு முணுமுணுப்புகூட இல்லை. ஒசுனா தலையில் கைவைத்துக்கொண்டார்.

லிசாந்த்ரோ மேடையிலிருந்து இறங்கி சுலேமாவை நோக்கி நடந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது.

“எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே...” என்றாள் அவள்.

“போகட்டும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, சுலேமா.”

அவள் குளிர்ந்த விரல்கள் அவன் கையைத் தேடிப் பற்றின.

“இத்தனை பேர் முன்னாடியா சார் சொல்றது...? எனக்கும்தான்.”