அம்மா குரல் கேட்டால் மட்டும்

தாரணி தன் வாயால் ஒருநாளும் சொல்லாத ஒரு வாக்கியத்தை அந்தச் சாயங்காலம் அவள் குரலே அவளிடம் சொன்னது.

"செந்தில்நாதன் வந்துகொண்டிருக்கிறார்."

விஜயநகர் வீட்டு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பால் பாக்கெட், மறு கையில் சொட்டச் சொட்ட நனைந்த குடை. தோள்பைக்குள் கிடந்த போன்தான் பேசியது. அது தன் குரலில் பேசுவது அவளுக்குப் பழகிப்போன விஷயம். பெயரைக் கேட்டுத்தான் கால் படியிலேயே நின்றுவிட்டது. செந்தில்நாதன் அவள் புருஷன். நஞ்சன்கூடு ரோட்டில் லாரி அடித்து அவன் செத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

கொள்ளேகால், ஹனூர்ப் பக்கமிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 'காவிரிக்கரை' என்று போனில் ஒரு குழு உண்டு. பெரியவர்களுக்கு எழுத வராது, பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆகவே எல்லாமே குரல்தான். ரத்தம் வேண்டும், வாடகைக்கு வீடு வேண்டும், காதுகுத்துக்கு வாருங்கள் என்று எதுவானாலும் பேசிப் போட்டுவிடுவார்கள். குழுவை நடத்துவது தாரணியும், மேட்டகள்ளியில் மோட்டார் வேலை பார்க்கும் உதயகுமாரும். மென்பொருள் மட்டும் எங்கோ வெளிநாட்டில் சிலர் சும்மா செய்து கொடுப்பது. அவர்களை இவர்கள் மேல்மடைக்காரர்கள் என்பார்கள். வாய்க்காலில் மேல்மடைக்காரன் கலக்கினால் கடைமடைக்காரன் கலங்கலைத்தானே குடிக்க வேண்டும்!

அந்த மகராசர்களை தாரணி நம்பினாள். மென்பொருளுக்குத் தமிழ் பேச வரவேண்டும், யாராவது குரல் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டபோது, வெளிச்சத்தம் விழாமல் கம்பளியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, மாதக்கணக்கில் அவர்கள் அனுப்பிய வாக்கியங்களையெல்லாம் படித்துக் கொடுத்தாள். நம் பாஷையையும் அது பேசட்டுமே என்ற ஆசை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குழுவில் ஒருவர் செத்துப்போனால் மென்பொருளில் இரண்டே வழி. ஒன்று, பெயரை நீக்கலாம். நீக்கினால் அவர் பேசிய குரலெல்லாம் சேர்ந்து அழிந்துபோகும். இல்லையென்றால் 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று குறித்து வைக்கலாம். பெற்றவள் குரலை அழிக்க யாருக்குக் கை வரும்? போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரையும் அவர்கள் ஊருக்குப் போனவர்களாகவே வைத்திருந்தார்கள். செந்தில்நாதனையும், உதயகுமாரின் அம்மா நாச்சம்மாளையும் அப்படித்தான். மகள் அஷ்வினி தினமும் விளக்கு வைத்ததும் அப்பாவின் கடைசிக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுப்பாடம் எழுத உட்காருவாள்.

போன மாதம் மேல்மடையிலிருந்து புது மாற்றம் ஒன்று வந்தது. வெகுநாளாக ஊருக்குப் போனவர்களை மென்பொருளே திரும்ப அழைத்துவருமாம். எங்கெங்கோ குழு நடத்துகிறவர்களெல்லாம் வேண்டாம் என்று கத்தினார்கள். தாரணியும், எங்கள் வழக்கம் இது, இவர்கள் திரும்ப வரக்கூடியவர்கள் இல்லை என்று விளக்கமாக எழுதினாள். உங்கள் உழைப்புக்கு நன்றி, இந்த விவாதம் முடிந்தது என்று பதில் வந்தது. நன்றி சொல்லிக் கழுத்தறுக்க எங்கேதான் படித்தார்களோ. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. இங்கே நம் கணினியில் ஏற்றாமல் விட்டால் போச்சு என்று உதயகுமாரிடம் சொன்னாள். அவனும் எங்கம்மா மேல ஆணை அக்கா, தொடமாட்டேன் என்றான்.

அவள் கதவைத் தட்டியதும் அஷ்வினி திறந்தாள். மடியில் வைத்துக் கேட்கும் அப்பாவின் பழைய போன் அவள் கையில் இருந்தது.

"அம்மா, அப்பா இவத்து புதுசா பேசுனாரு."

பள்ளிக்கூடத்துக் கன்னடம் அவள் தமிழுக்குள் இப்படித்தான் புகுந்துகொள்ளும். இன்றைக்கு என்பதைச் சொல்கிறாள். தாரணி போனை வாங்கிக் கேட்டாள். செந்தில்நாதனின் கடைசிக் குரல் அவளுக்கு மனப்பாடம். 'நேரமாகும் கண்ணு. கதவத் தாப்பா போட்டுக்கோங்க. நா வந்து கூப்புடறேன்.' இப்போது கேட்டது அது இல்லை. 'கண்ணு... நா வந்து... கதவ... நா வந்து...' சொற்கள் அவனுடையவைதான். கிழிந்த துணியை ஒட்டுப்போட்டது போல இடையிடையே தையல் தெரிந்தது. குழுவில் அவன் பேசிப் போட்டது கொஞ்சம். அதற்குள்ளேதான் அது துழாவிக்கொண்டிருந்தது. 'தொற' என்ற சொல்லை அவன் எங்கேயும் சொன்னதில்லை, அதனால் கதவைத் திறக்கச் சொல்ல முடியாது என்று நினைத்தபோது, என்னவோ அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது கரண்ட் போயிற்று.

தெருவே இருண்டது. கீழ்வீட்டு மல்லம்மா ஜன்னலைச் சாத்தும் சத்தம், எங்கோ ஹின்கல் பக்கம் போகும் பஸ்ஸின் முனகல், எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. மூடிய கதவின் அடியிலிருந்து ஒரு வாடை வந்தது. நனைந்த தாரும் பெட்ரோலும் கலந்த வாடை. ஆஸ்பத்திரியில் அவனைப் போர்த்தியிருந்த துணியில் அடித்த அதே வாடை.

இரண்டு போன்களும் ஒரே சமயத்தில் அவள் குரலில் பேசின. "செந்தில்நாதன் விஜயநகர் வந்துவிட்டார்."

குழுவின் கணினி மொட்டைமாடி அறையில், இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டால் தீர்ந்தது. மழையிலும் இருட்டிலும் குழந்தையை இழுத்துக்கொண்டு ஏற அவளுக்கு மனசு வரவில்லை. முட்டிபோட்டு மகளின் தோளைப் பிடித்தாள்.

"தாப்பா போட்டுக்க. யாரு கூப்புட்டாலும் தொறக்காத. அப்பா கூப்புட்டாலும் தொறக்காத. அம்மா குரல் கேட்டா மட்டும் தொற."

"ஆய்த்தும்மா," என்று தலையாட்டினாள் அஷ்வினி.

வெளியே படியில் யாரும் இல்லை. தாழ்ப்பாள் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் தாரணி மேலே ஓடினாள். பாதிப் படியில் போகும்போது உதயகுமார் போனில் கூப்பிட்டான். அழுதுகொண்டிருந்தான்.

"நான்தான் அக்கா ஏத்துனேன். மத்தியானம். மன்னிச்சுருங்க."

கூடப்பிறந்தவனாக நினைத்திருந்தாள். அம்மா மேல் ஆணை என்றானே!

"நீங்க தெனமும் அவரு குரலக் கேட்டீங்க. எங்கம்மா ஒருக்காத்தான் அக்கா பேசிருக்குது. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?"

அவனுக்குப் பின்னால் ஒரு கிழவியின் குரல் கேட்டது. சாப்ட்டயா சாமி? கொஞ்சம் பொறுத்து மறுபடியும். சாப்ட்டயா சாமி? அதே ஏற்றம், அதே இழுப்பு. நாச்சம்மாளுக்கு வேறு சொல் இல்லை.

"கதவத் தொறந்துட்டேன் அக்கா," என்று குசுகுசுத்தான். "மொகத்த மட்டும் பாக்கல. நீங்க தொறந்துறாதீங்க."

சாப்ட்டயா சாமி? இந்தத் தடவை போனுக்கு வெகு பக்கத்தில். தொடர்பு அறுந்தது.

தாரணி மாடியறைக்குள் விழுந்தடித்து நுழைந்தாள். சுவரோடு தடவினாள். ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. விசிறி சுற்றி நின்றது. பச்சை விளக்கு அணைந்தது. மழைகூட நின்றிருந்தது.

நிம்மதி. ஒரே ஒரு மூச்சுக்கு.

கீழேயிருந்து குரல் வந்தது. செந்தில்நாதனின் கட்டைக் குரல் இல்லை. ஒட்டுப்போட்ட குரலும் இல்லை. கம்பளிக்குள் வேர்த்துக்கொண்டு, மாதக்கணக்கில், எல்லாச் சொல்லையும் படித்துக் கொடுத்த குரல்.

"கண்ணு, அம்மா வந்துட்டேன். கதவத் தொற."

"தொறக்காத!" என்று தாரணி கத்தினாள். இடி அதை விழுங்கியது. படியில் வழுக்கினாள். முட்டி பெயர்ந்தது. எழுந்தாள். ஓடினாள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவின் முனகல். மறுபடி சாத்தும் சத்தம்.

வாசலில் யாரும் இல்லை. கால்மிதிமேல் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. ஈரமாக. இடது கால் செருப்பு. நஞ்சன்கூடு ரோட்டில் தேடித் தேடிக் கிடைக்காத செருப்பு.

"அஷ்வினி! அம்மா வெளியில இருக்கறேன். தொற கண்ணு, தொற!" இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

உள்ளே அஷ்வினியின் குரல் கேட்டது. பயந்துபோன, யாரையோ ஒட்டிக்கொண்டு நிற்கிற குரல்.

"அம்மா, வெளியில யாரோ உன்ன மாதிரியே பேசறாங்க."

"தொறக்காத கண்ணு," என்றது உள்ளிருந்து தாரணியின் குரல், பொறுமையாக.

அதற்கும் பின்னால், ஒட்டுப்போடாமல், முழுசாக, செந்தில்நாதன் சொன்னான்: "கதவத் தாப்பா போட்டுக்கோங்க."

தாழ்ப்பாள் விழுந்தது.