மருந்து போட்டவன்

காலை ஏழு மணி. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏசுபாதத்தின் குளம் முழுக்க கட்லா மீன்கள் நேற்றிலிருந்தே வயிற்றைக் காட்டி மிதந்தன.

"என் தம்பிதான் விஷம் வெச்சான் மேடம். அவனே வாயால ஒத்துக்கினான்" என்றார் ஏசுபாதம், மீன் நோய் மருத்துவர் மிருதுளாவிடம்.

சப் இன்ஸ்பெக்டர் சுப்ரமணியனும் தலையாட்டினார். பாகத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருஷமாகிறது. போன வாரம் தம்பி ஜோஷ்வா குளத்தில் எதையோ தூவுவதைப் பார்த்து அண்ணன் விரட்டியிருக்கிறார். நேற்று பம்மலில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவனைப் போலீஸ் பிடித்ததும், "ஆமா சார், மருந்துதான் போட்டேன்" என்றானாம். அதற்குமேல் அவனைப் பேச யார் விட்டார்கள்?

மிருதுளா கரையில் குந்தினாள். காலடியிலிருந்து ஒரு தவளை தண்ணீருக்குள் தாவியது. படிக்கல்லில் நத்தைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. செத்த மீன்களின் உடம்பில் சிவந்த புண்கள். உப்பிய வயிறு ஒன்றைக் கீறினாள். ரத்தம் கலந்த நீர் வழிந்தது. பக்கத்தில், மஞ்சள் ஏறிய தீனி குவியலாகக் கிடந்தது. எடுத்து முகர்ந்தாள், எண்ணெய் வாசனை.

"இது யார் கொட்டினது?"

"நான்தான். அன்னிக்கு அவன் விட்டுட்டு ஓடின மூட்டை."

"முன்னாடியே மீன் செத்துதா?"

"ஒண்ணு ரெண்டு. வெயிலுக்குன்னு விட்டுட்டேன். நடுவுல சாவுறது நின்னுச்சு."

"எப்போ?"

ஏசுபாதம் அந்தக் குவியலைப் பார்த்தார். "அவன்... வந்துகினு இருந்தப்போ."

மிருதுளா எழுந்தாள். சொல்லவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"விஷம்னா தவளையும் நத்தையும் பிழைச்சிருக்காது சார். இது பாக்டீரியா நோய். இந்த மஞ்சள், ஆன்டிபயாடிக். எண்ணெய் விட்டுத் தீனியில பிசைஞ்சிருக்காரு. ஜோஷ்வா போட்டது பூச்சி மருந்து இல்லை, நோய்க்கு மருந்து. குணமாகிகிட்டு வந்த மீனுக்குப் பாதியில அதை நிறுத்தினது நீங்கதான் அண்ணா."

பயிரின் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து, பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து. பகையாளியின் வாயிலிருந்து வந்ததால் எல்லோருக்கும் முதல் மருந்துதான் காதில் விழுந்தது.

ஸ்டேஷனில் ஜோஷ்வாவின் கன்னம் வீங்கியிருந்தது. மிருதுளா யாரென்று தெரிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"மேடம், மிச்சம் கீற மீனு தின்னுதா? தின்னாத்தான் மருந்து உள்ள போவும்னாங்க."

வரும்முன் ஒரு பிடி தீனி வீசிப் பார்த்திருந்தாள். ஒரு மீனும் மேலே வரவில்லை. இல்லை என்று தலையசைத்தாள், பாவமாக இருந்தது.

"டேய்..." கூடவே வந்திருந்த ஏசுபாதம் தம்பியின் கையைப் பிடித்தார்.

ஜோஷ்வா கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"மருந்துன்னு சொன்னப்போ, இன்னா மருந்துன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."