ஏரிக்காகக் கொடுத்த அனுமதி

குரோம்பேட்டையில் கோகிலவாணி வைத்திருப்பது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கெட்டுப்போயிருப்பது கம்ப்யூட்டர் அல்ல. முடிச்சூர் துளசிங்கமும் அப்படித்தான் ஒரு காலை வந்து உட்கார்ந்தார். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சத்தில் வீடு கட்டிக்கொண்டவர். பேச்சில் இன்னும் பண்ணையார் தோரணை இருந்தது.

"ஸ்கிரீன் மூலையில திடீர் திடீர்னு அசிங்கமா படம் வருதும்மா. மூணு வாரம் முன்னாடி, தங்கச்சி பொண்ணு நிச்சயதார்த்த போட்டோவ சொந்தக்காரங்க பத்து பேரு பாத்துகினு இருக்காங்க. அரைகுறை துணியோட ஒருத்தி வந்து 'பேச வா'ன்னு கூப்புடறா. மானமே போச்சு. அந்தக் கம்ப்யூட்டர தொடுறது நானும் மருமவ ஜெயஸ்ரீயுந்தான். பையன் சூர்யாவுக்கு கப்பல்ல வேலை."

"மருமகள் என்ன சொன்னாங்க?"

"அவ ஒண்ணும் சொல்லல. நான்தான் சொன்னேன். புருசன் ஊர்ல இல்லாதப்ப இன்னாத்த பாத்தா இதெல்லாம் வரும்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அன்னைக்கே பேத்திய தூக்கிகினு அனகாபுத்தூர் அம்மா வூட்டுக்கு பூட்டா. ஞாயித்துக்கிழமை பையன் வரான். இது அவ வேலதான்னு நீ கண்டுபுடிச்சு குடுத்தா, நான் அவன் முன்னாடி நிமிந்து நிக்கலாம்."

"வைரஸ்தான் சார். சந்தேகமே இல்ல," என்றார் பாலு. கோகிலவாணியின் கணவர். பேங்க் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய நாள் முதல் மனைவிக்குத் துப்பறிய உதவுகிறார். விஷயம் தெரிவதற்கு முன்பே முடிவு சொல்லிவிடுவது அவருடைய வழக்கம்.

மூவரும் முடிச்சூர் போனார்கள். அந்த வீட்டில் பிளக் பாயின்ட்டுகள் எல்லாம் தோள் உயரத்தில் இருந்தன. கம்ப்யூட்டர் மேஜைக்கு நான்கு கால்களிலும் சிமென்ட் கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். பாலு அதில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துதுங்க?" என்று கேட்டாள் கோகிலவாணி.

துளசிங்கம் தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். "ஏரி தொறந்து வந்துச்சும்மா. முன்னாடியே சொல்ல ஒருத்தன் இல்ல. என் சம்சாரத்த கதவு மேல படுக்க வெச்சு இழுத்துகினு போனேன். அந்தக் குளிர்ல புடிச்ச காய்ச்சல் அவள கொண்டுகினு பூட்டுது."

கோகிலவாணி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எந்தெந்த இணையதளம் திரை மூலையில் செய்தி காட்டலாம் என்ற பட்டியலைத் திறந்தாள். அதில் இரண்டு பகுதிகள். மறுக்கப்பட்டதில் பேத்தியின் பள்ளி, கேஸ் புக்கிங், புடவைக் கடை, சமையல் குறிப்பு. அனுமதிக்கப்பட்டதில் பதினொரு பெயர்கள்.

"இந்தப் பதினொண்ணையும் கொஞ்சம் படிங்க."

பாலு ஆர்வமாகத்தான் ஆரம்பித்தார். "ஆதனூர் ஏரி, மணிமங்கலம் ஏரி, அடையாறு வெள்ளம், மழை எச்சரிக்கை... எல்லாமே ஏரியும் மழையுமா இருக்கே வாணி. இதுல அசிங்கம் எங்க வந்துது?"

"இதெல்லாம் நிஜமான ஏரித் தகவல் இல்லைங்க. பேர் மட்டும்தான் ஏரி. அனுமதி குடு, தண்ணி ஏறினா சொல்றேன்னு கேக்கும். குடுத்துட்டா அந்த வழியா எவன் விளம்பரம் வேணா உள்ள வரும்." ஒரு பக்கத்தைத் திறந்தாள். திரை முழுக்க நாலே வரி தெரிந்தது. "பாத்தீங்களா? இந்தப் பதினொரு பக்கத்துல மட்டும் எழுத்த ரெண்டு மடங்கு பெரிசாக்கி வெச்சிருக்கு. பள்ளிக்கூடப் பக்கம் சாதாரணமாத்தான் இருக்கு. ஜெயஸ்ரீ கண்ணுக்கு இவ்ளோ பெரிய எழுத்து வேணாம். அவ, கேட்ட இடத்துலல்லாம் வேணாம்னுதான் அமுக்கியிருக்கா."

துளசிங்கம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான்தாம்மா. ஏரின்னு போட்டிருந்தா ஒண்ணு விடாம சரின்னு அமுக்குவேன். எதுனா ஒண்ணாவது முன்னாடியே சொல்லுமேன்னு." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அவளுக்குத் தெரியுமா?"

கோகிலவாணி பழைய தேடல்களின் பட்டியலைத் திறந்தாள். "போட்டோ பாத்த நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. சாயங்காலந்தான் வந்தேன்."

"அப்ப இது அவ தேடினதுதான்." கோகிலவாணி சுட்டிய வரியைப் பாலு மெல்லப் படித்தார்: 'ஏரி எச்சரிக்கை மட்டும் வரவேண்டும், மற்ற மெசேஜ்களை நிறுத்துவது எப்படி.'

"ஏரிச் செய்தி உங்களுக்கு நின்னுடக் கூடாதுன்னு வழி தேடியிருக்கா. கிடைக்கறதுக்குள்ள மறுநாள் அது நடந்துபோச்சு."

"அப்ப அன்னைக்கு ஏம்மா வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா பத்து பேர் முன்னாடி உங்க பேரைச் சொல்லியிருக்கணும்."

பதினொரு அனுமதிகளையும் அவள் நீக்கினாள். எந்த வழக்கு முடிந்தாலும் கைகுலுக்குகிற பாலு அன்று சும்மா இருந்தார். வந்த காரியம் முடிந்தது என்று சந்தோஷப்பட அங்கே யாருக்கும் மனமில்லை. துளசிங்கம் போனை எடுத்தார். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"தப்பு என்னுதும்மா. அது உன்னால வரல, என்னாலதான் வந்துது. அந்தப் பத்து பேரையும் கூப்பிட்டு நானே சொல்றேன். வூட்டுக்கு வந்துடும்மா."

"பரவால்ல மாமா." ஜெயஸ்ரீயின் குரலில் கோபம் துளியும் இல்லை. "ஆனா பாப்பாவ இங்க ஸ்கூல்ல சேத்தாச்சு. பக்கத்துலயே வாடகைக்கு வீடு பாக்கச் சொல்லி அவரும் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை அவரு நேரா இங்கதான் வராரு. நீங்களும் வாங்க மாமா. சாப்ட்டுட்டு, பாப்பாவ பாத்துட்டுப் போலாம்."

"வரேம்மா," என்றார் துளசிங்கம். பிறகு, இதுவரை மருமகளிடம் கேட்டே இராத ஒன்றைக் கேட்டார்:

"எத்தன மணிக்கு வந்தா உனக்கு சௌகரியம்?"