தாழ் போடாத தெரு

லிங்கராஜ் பேருந்தை விட்டு இறங்கியபோது வெயில் சற்றுத் தாழ்ந்திருந்தது. முத்தையாபுரத்தைத் தாண்டி, சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை அது. துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் கரித்தூளும் கருவாட்டு வீச்சமும் கலந்திருந்தன. வேப்பமரத்தடியில் பைக்கோடு காத்திருந்த ஃபிராங்க்ளின் கையைத் தூக்கினான். முன்பு கப்பலில் இருந்தவன். இப்போது வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

"ஓசூர்லேர்ந்து வாரது நீங்கதான அண்ணாச்சி? ஏறுங்க. பக்கந்தான்."

துறைமுகத்தை ஒட்டிய கம்பெனி ஒன்றில் லிங்கராஜுக்கு சேஃப்டி ஆபீசர் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் என்றாலும் தூத்துக்குடியில் அவனுக்குத் தெரிந்தவர் என்று ஒருவருமில்லை. வீட்டைவிடத் தெருவைத்தான் அவன் பார்க்க வந்திருந்தான். அதற்குக் காரணம் அவன் மனைவி பேச்சித்தாய்.

போன மழைக்காலத்தில் ஒரு பட்டப்பகலில் ஓசூர் வீட்டுக்குள் இரண்டு பேர் நுழைந்தார்கள். அவள் மட்டும்தான் வீட்டில் இருந்தாள். நகையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவள் மறந்திருப்பாள். வாசல்வரை போன ஒருவன் திரும்பி வந்து, கத்தியின் முதுகால் அவள் கன்னத்தைத் தடவி, "மறுபடி வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சொல் அவளை உள்ளே உட்கார்ந்து அரித்தது. அதற்குப் பிறகு பகலிலும் எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். இவன் வந்து தட்டினாலும் குரலை மும்முறை கேட்டுவிட்டுத்தான் திறப்பாள்.

கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "வீடு எப்படி இருந்தாலும் சரி. நல்ல தெருவாப் பாத்துட்டு வாங்க."

ஃபிராங்க்ளின் கூட்டிக்கொண்டு போன தெரு உப்பளத்தை நோக்கிப் போய் முடிந்தது. நுழைந்ததுமே லிங்கராஜின் கண் வேலை செய்ய ஆரம்பித்தது. எல்லாக் கம்பத்திலும் விளக்கு இருந்தது. பைக்குகளில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் தொட்டில் ஆடியது; பக்கத்தில் ஆள் இல்லை; கதவு விரியத் திறந்து கிடந்தது. அடுத்த வீடும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"இங்கன திருட்டுப் பயமே இல்லையா?"

"ஒரு குண்டூசி போனதில்ல அண்ணாச்சி. நீங்க ஸ்டேஷன்லகூட விசாரிச்சுப் பாருங்க."

விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தான். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் ஒன்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. திறந்து கிடந்த கதவுகளில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. கழற்றியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அல்ல, தெரு முழுக்க.

நிறுத்தியிருந்த மினிலாரியின் மேல் தடித்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் வில்பிரட். பைக் அருகே வந்ததும் இறங்கி நடுத்தெருவில் நின்றார்.

"யாரு வே இது?"

"வெளியூரு. வீடு பாக்க வந்திருக்காவ."

தெருவில் பேச்சுச் சத்தம் நின்றது. குழாயடியில் குடத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த பெண் அப்படியே குனிந்த வாக்கில் நின்றாள். வில்பிரட் ஃபிராங்க்ளினின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"அந்தச் சொல்ல இங்கன சொல்லாதன்னு எத்தன மட்டம் சொல்லுதது?"

பிறகு லிங்கராஜைப் பார்த்து, "இங்கன வீடு கெடையாது. போயிரும்" என்றார்.

ஃபிராங்க்ளின் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ சமாதானம் சொன்னான். அவன் காட்டிய வீடு தெருவின் கடைசியில் இருந்தது. உரிமையாளர் மஸ்கட்டில். புதிதாகத் தேக்குக் கதவு போட்டிருந்தார்கள். அதில் மட்டும் பித்தளைத் தாழ்ப்பாள் பளபளத்தது. விளக்கு வைத்த பிறகு தெரு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான் லிங்கராஜ். ஃபிராங்க்ளினின் முகம் மாறியது.

"எனக்கு வேற சோலி இருக்கு. பாத்துட்டுச் சட்டுனு கிளம்பிருங்க. இருக்கிற வரைக்கும் கதவை மட்டும் சாத்தாதிய."

ஏன் என்று கேட்பதற்குள் பைக் போய்விட்டது.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. லிங்கராஜ் தெருவில் நடந்தான். அவன் வழக்கமாகச் செய்வதுதான். சந்துகளுக்குள் எட்டிப் பார்த்தான். சன்னல் கம்பிகளையும் சுவர் உயரத்தையும் நோக்கினான். பேச்சித்தாய்க்கு அனுப்ப இரண்டு படம் எடுத்தான். தெருமுனைவரை போய்த் திரும்பியபோது வில்பிரட்டும் நாலைந்து ஆட்களும் வழியில் நின்றார்கள்.

"போட்டோ எதுக்கு எடுக்கிய?"

"என் வீட்டுக்காரிக்கு அனுப்பத்தான்."

"வீட்ட வீட்ட எட்டிப் பாக்கிய. யாரு அனுப்பிச்ச ஆளு நீரு?"

அவர்கள் குரலில் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ நடுங்கியது. லிங்கராஜ் அவர்களை விலக்கிக்கொண்டு நடந்தான். முதுகில் ஒரு கல் விழுந்தது. இன்னொன்று காதோரம் பறந்தது. ஓடினான். கடைசி வீட்டுக்குள் புகுந்து, தேக்குக் கதவைச் சாத்தி, பித்தளைத் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான்.

அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும்.

சன்னல் வழியாகப் பார்த்தான். துரத்தி வந்தவர்கள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீட்டுக்குள் போய் ஒடுங்கினார்கள். கதவை ஒருவரும் சாத்தவில்லை.

"அய்யா."

பக்கத்துச் சன்னலிலிருந்து பெண் குரல். அந்த வீட்டு ஞானசௌந்தரி கம்பியோடு முகத்தை ஒட்டி நின்றாள். ஐம்பது வயது இருக்கும்.

"தாப்பா போட்டுட்டியளா? எடுத்துருங்க. உடனே எடுத்துருங்க."

"கல்லெறியுதாங்கம்மா. எப்படி எடுக்க?"

"அவிய ஒண்ணும் செய்ய மாட்டாவ. இனிமே ஒருத்தரும் வெளியே வர மாட்டாவ." அவள் தெருப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மூச்சுக்குள் பேசினாள். "பிள்ள பிடிக்கிறவன் சுத்துதான்னு போன்ல போன்ல வந்துச்சே, அந்தச் சமயம். உங்கள மாதிரியே ஒரு ஆளு வந்தான். ஒவ்வொரு வீடாப் பாத்துக்கிட்டே நடந்தான். வேல கெடச்சிருக்கு, குடும்பத்தக் கூட்டிட்டு வரணும், தெரு எப்படின்னு பாக்க வந்தேன்னு சொன்னான். யாரும் நம்பல. வில்பிரட்டுதான் மொதல்ல கை வச்சாவ. பொறவு எல்லாரும்."

"நீங்களும் பாத்தீங்களா?"

"தப்பிச்சு ஓடி வந்தான். தெருவுல ஒவ்வொரு கதவாத் தட்டுனான். நிக்க முடியாம, தவந்து தவந்து தட்டுனான். எல்லாரும் உள்ள தாப்பா போட்டுக்கிட்டோம்." அவள் கண்ணை மூடித் திறந்தாள். "என் கதவையும் தட்டுனான்."

அவள் சன்னல் கம்பியை இறுகப் பற்றினாள்.

"விடியுமுன்ன தெருவுலயே உயிரு போயிருச்சு. அதுலேர்ந்து தாப்பா போட்ட வீட்டுக்கு வாரான். தெறந்தா போயிருவான், ஒண்ணும் செய்யான். தெறக்காம இருந்த வீட்டு மனுசன் ஒருத்தரு செத்துக் கெடந்தாரு. உள்ள போட்ட தாப்பா போட்டபடியே இருந்துச்சு. உடம்பெல்லாம் அடிச்ச தடம்."

லிங்கராஜுக்குச் சிரிப்பு வந்தது. அச்சத்தில் வருகிற சிரிப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

கதவு தட்டப்பட்டது.

கீழே. கதவின் அடிப்பாகத்தில், முழங்கால் உயரத்துக்கும் கீழே.

ஞானசௌந்தரி சன்னலை விட்டு விலகினாள்.

மறுபடி தட்டியது. பலமில்லாத தட்டல். விரல் மடக்கிக்கூடத் தட்டவில்லை. உள்ளங்கை வந்து விழுந்து, மரத்தில் உரசிக்கொண்டே கீழே இறங்கியது. மழையில் நனைந்த இரும்பின் வாடை அறைக்குள் வந்தது. வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. சன்னல் வழியே வாசற்படி அவனுக்குத் தெரிந்தது. படியில் எவருமில்லை.

"அண்ணே."

ஒரு மனிதக் குரல்தான். களைத்துப்போன, மரியாதையான குரல்.

"அண்ணே, வீடு பாக்கத்தான் வந்தேன்."

லிங்கராஜின் கை தாழ்ப்பாள்வரை போனது. பித்தளை சில்லென்று இருந்தது. இழுத்தால் போதும். திறந்தால் போய்விடுவான் என்றாளே.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கில் விரல்கள் நுழைந்தன.

நகமில்லாத விரல்கள். அவை தரையைத் தடவி, அவன் செருப்பு நுனியைத் தொட்டு, அங்கேயே நின்றன.

கையை எடுத்துக்கொண்டு சுவரோடு போய் ஒட்டினான்.

"தெறங்க அண்ணே. நான் கெட்டவன் இல்ல."

பக்கத்து வீட்டு இருட்டுக்குள்ளிருந்து ஞானசௌந்தரி கெஞ்சினாள். "தெறந்துருங்கய்யா, மாதா புண்ணியமாப் போகும்."

அவனால் முடியவில்லை. திறந்தால் அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருக்கும். அதைப் பார்க்க வேண்டியிருக்கும். வாயில் வந்ததைச் சொன்னான்.

"இது என் வீடு இல்ல."

விரல்கள் அசையவில்லை. பிறகு அந்தக் குரல், கொஞ்சம் ஆவலாக, கேட்டது.

"அப்ப உங்க வீடு எங்க அண்ணே?"

"ஓசூரு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

விரல்கள் மெல்ல வெளியே போயின.

வெகு நேரம் கழித்து அவன் கதவைத் திறந்தபோது படி வெறுமையாகக் கிடந்தது. தெரு நெடுக வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அவனை வழிமறிக்க ஒருவரும் வரவில்லை. வில்பிரட் மட்டும் தன் வாசலில் நின்றபடி, சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டார்.

"போயிட்டானா?"

லிங்கராஜ் நிற்காமல் நடந்தான். சாலைக்கு வந்து, கிடைத்த பேருந்தில் ஏறினான்.

ஓசூரில் பேச்சித்தாய் குரலைக் கேட்டுக் கேட்டுத் திறந்தாள். அவன் தூத்துக்குடி வேலை வேண்டாம் என்றான். ஏன் என்று அவள் துருவவில்லை. தெரு சரியில்லை என்ற ஒரு சொல் அவளுக்குப் போதும். நாட்கள் போயின. பழைய வேலைக்கே போய்வந்தான். அந்தச் சாயங்காலம் ஏதோ கெட்ட சொப்பனம் என்று நம்பக்கூடத் தொடங்கியிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஃபிராங்க்ளினின் அழைப்பு வந்தது. குரலில் கும்மாளம்.

"அண்ணாச்சி, நீங்க என்ன செஞ்சிய? எதுவும் மந்திரம் கிந்திரம் தெரியுமா? நீங்க போன நாள்லேர்ந்து இங்கன தட்டுற சத்தமே இல்ல. ஞானசௌந்தரியக்கா பயந்து பயந்து ஒரு நாளு தாப்பா போட்டுப் பாத்தாவ. ஒண்ணுமில்ல. இப்ப தெருவே தாப்பா வாங்கி மாட்டிக்கிட்டு இருக்கு. வில்பிரட்டு அண்ணன் உங்களக் கண்டா கும்பிடணும்னு சொல்லுதாவ."

லிங்கராஜ் போனைக் காதிலிருந்து எடுத்தான். ஈரத் துணியைப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் இறங்கும் படியில் ஓடினான்.

பேச்சித்தாய் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாத் தாழ்ப்பாளும் போட்டபடி இருந்தன. அவள் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ ஒரு ஆளு வந்திருக்காரு," என்றாள் மெதுவாக. "பாவம், ரொம்ப மரியாதையாப் பேசுதாரு. குடும்பத்தோட குடி வரணுமாம். இந்தத் தெரு பயமில்லாம இருக்குமான்னு கேக்காரு."

"தெறந்துரு பேச்சி."

"என்னது?"

"தெறந்துருவோம். ஒண்ணும் செய்ய மாட்டான். சொன்னாக் கேளு, தெறந்துருவோம்."

அவன் மேல் தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினான். பேச்சித்தாய் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் நகம் அவன் மணிக்கட்டில் பதிந்தது.

"கதவத் தெறக்க மட்டும் சொல்லாதீங்க," என்றாள். "செத்தாலும் தெறக்க மாட்டேன்."

கதவின் அடியில், பொறுமையாக, உள்ளங்கை ஒன்று விழுந்து உரசிக்கொண்டே கீழே இறங்கியது.