உடம்பு தளரும் வரை

முடித்துவிட்டுப் போன இடத்துக்கே கை திரும்பி வந்தது. வலது தோள்பட்டையை நன்றாகப் பிசைந்து, முதுகில் இறங்கி, இடுப்பு வரைக்கும் போன கை, எதையோ மறந்துவிட்டதுபோல் மேலே ஏறி அதே தோள்பட்டையில் வந்து உட்கார்ந்தது. குப்புறப் படுத்திருந்த செந்தில்வேல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தான் பெற்றது தப்பு செய்யும் என்று எந்தத் தகப்பன் ஒப்புக்கொண்டான்?

பெங்களூரு வேலையை உதறிவிட்டுத் தென்காசிக்கு வந்து, தூக்கத்தைக் கெடுத்து அவன் செய்த இயந்திரம் அது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு இரும்புக் கைகள். உள்ளங்கையில் ரப்பர். தசை எங்கே இறுகியிருக்கிறது என்பதை விரல்நுனியால் தொட்டே கண்டுபிடித்துவிடும். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் அருவியில் நிற்பதில்லை என்பதால், ஐந்தருவிச் சாலையில் ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்திருந்தான்.

பக்கத்து ஷெட்டில் எண்ணெய் தேய்க்கும் சுடலைராஜ் அண்ணாச்சியின் கைகளிடம்தான் இயந்திரம் பாடம் படித்தது. அண்ணாச்சியிடம் படுத்தவர்கள் யாரும் கத்தாமல் எழுந்ததில்லை. "வலிக்குதுன்னா விட்டுராதீரும் தம்பி, அங்கனதான் பிடிப்பு கெடக்கு. உடம்பு தளந்துட்டுன்னா கை தானா நின்னுரும்" என்பார். செந்தில்வேல் அதை அப்படியே இயந்திரத்துக்கு ஊட்டினான். யார் கத்தினாலும் கேட்காதே, உடம்பு தளர்ந்தால் நிறுத்து. கட்டிலோரம் இயந்திரத்தை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. சோதனைக்குப் படுத்தவர்கள் கொஞ்சம் வலித்ததும் அதை அமுக்கி விளையாட்டைக் கெடுத்தார்கள். அதைக் கழற்றி வெளியே கவுண்டரில் மாட்டிவிட்டான்.

இன்று திறப்பு. வேடிக்கை பார்க்கக் கூட்டம் நின்றது. கவுண்டரில் மனைவி உமா மகேஸ்வரி. "நான் கத்துனாலும் அதை அமுக்கிராத உமா. சனம் பாத்துக்கிட்டு நிக்கையில பாதில நின்னா மானம் போயிரும்" என்று சொல்லி, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுத்தான் படுத்தான்.

முகம் வைக்கக் கட்டிலில் வெட்டியிருந்த ஓட்டை வழியாக அவனுக்குச் சிமென்ட் தரை மட்டும் தெரிந்தது. கூரையில் சாரல் பொரிந்துகொண்டிருந்தது, அதற்கு அப்பால் அருவி ஓயாமல் இரைந்தது, சூடான நல்லெண்ணெய் வாசமும் ஈரத்துண்டின் முடைநாற்றமும் எதிர்க்கடை மிளகாய் பஜ்ஜியின் நெடியும் கலந்து மூக்கில் ஏற, பிற்பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்த வெளிச்சத்தில் தரைமேல் கைகளின் நிழல் போய்ப் போய் வந்தது. தோள்பட்டையில் இருந்த கை கொஞ்சம் ஆழமாக இறங்கியது. எலும்பைத் தொட்டது.

"ஆ!" என்றான். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

எழப் பார்த்தான். இன்னொரு கை பிடரியை அமுக்கிப் படுக்க வைத்தது. அதுவும் அண்ணாச்சியின் பழக்கம்தான். நெளிகிற ஆளை இடது கையால் அமுக்கிக்கொள்வார். கட்டில் விளிம்பைப் பிடித்து உன்னினான். எண்ணெய்க் கை வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது. அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது. பயத்தில் முதுகு முழுவதும் விறைத்தது. விறைத்த இடத்தையெல்லாம் விரல்கள் தேடி வந்தன.

"உமா! அமுக்கு! அமுக்குட்டி!"

"ஏங்க, என்ன இப்படிக் கத்துதிய?" அவள் குரலில் வெட்கமும் சிரிப்பும் இருந்தன.

"கத்தட்டும்மா, நல்லாப் பிடிக்குது போல" என்றார் கூட்டத்தோடு நின்ற அண்ணாச்சி. "இன்னும் அமுக்கச் சொல்லுதாரு பாத்தியா!"

கூட்டம் கைதட்டியது.

சட்டென்று விளக்கு அணைந்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. மழைக்குக் கரண்ட் போய்விட்டது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, அத்தனை நிம்மதி. ஆனால் கைகள் நிற்கவில்லை. கரண்ட் போனாலும் வாடிக்கையாளர் பாதியில் எழக்கூடாதென்று உள்ளே பேட்டரி வைத்தவனும் அவனேதான்.

விலாவில் ஏதோ முறிந்தது. சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது.

தளர வேண்டும். தளர்ந்தால் விட்டுவிடும். அவனுக்கு அது தெரியும், அவன் வைத்த விதி. பல்லைக் கடிப்பதை விட்டான். விரல்களை விரித்தான். கால்களைத் தளர்த்தினான். உமாவின் முகத்தை நினைத்துப் பார்த்தான். இடுப்பு தளர்ந்தது. கை இடுப்பை விட்டது. தொடை தளர்ந்தது. கை தொடையை விட்டது. ஒரு கணம் இரண்டு கைகளும் மேலே தூக்கி நின்றன.

இப்போது கூப்பிடலாம். எழுந்தால் முதுகு இறுகும், கூப்பிட்டால் தொண்டை இறுகும்; இறுகிய இடத்துக்குக் கை வந்துவிடும். கூப்பிடவில்லை.

திரைச்சீலை விலகியது. தரையில் மங்கலாக வெளிச்சம் விழுந்தது. அதில் உமாவின் செருப்புக் கால்கள் தெரிந்தன. கட்டிலுக்கு வெளியே தொங்கிய அவன் கையைப் பார்த்திருப்பாள்.

"தூங்கிட்டாவ அண்ணாச்சி" என்றாள் மெதுவாக. குரலில் அப்படியொரு பெருமை.

உமா. வாய் அசைந்தது. எச்சில் நூலாகத் தரையில் இறங்கியது. சத்தம் வரவில்லை. கால்கள் திரும்பின. திரைச்சீலை விழுந்தது.

கைகள் காத்திருந்தன. அவன் உடம்பில் எல்லாம் தளர்ந்துவிட்டது. ஒரே ஓர் இடம் மட்டும் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதுகின் நடுவில், விலாவுக்குள்ளே. கை அதைக் கண்டுகொண்டது. அங்கே வந்து, நோகாமல், அகலமாகப் படிந்தது.

அவன் மூச்சை வெளியே விட்டான். கை கூடவே இறங்கியது.

இழுத்தான். கை மேலே வரவில்லை.